லைன் எண்டொரு சொல்

2022இல் பெற்றோல் செட்டுகளில் "லைன்ல வாங்கோ" எண்ட குரலை நாங்கள் எத்தனை தரம் கேட்டிருப்பம்! ரெயில் லைன், போன் லைன், பெடியள் போடுற லைன். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை வேலை!

லினன் நூலைக் குறித்த லத்தீன் சொல்லில் இருந்து வந்தது இது. நூல் கோடாகி, கோடு வரிசையானது. காலனித்துவ இராணுவத்தில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசையும் 'லைன்ஸ்' தான். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து எங்கட மலையகக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் அறை வரிசைக்கும் அதே பெயர். தமிழில் அது லயன், லயம் ஆனது. இசையில் லயம் எண்டால் தாள ஒழுங்கு. தோட்டத்தில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைச் செய்கையைத் தொடங்கினார். பிறகு இலைநோயில் கோப்பி அழிஞ்சு, மலை முழுக்கத் தேயிலையானது. லயன் மாறேல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. குடியுரிமைப் பிரச்சினை தீர 2003 வரை சென்றது.

நாங்கள் நிண்ட லைன் சில மாதங்களில் முடிஞ்சுது. காணி உறுதி இல்லாத லயன்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்னும் இருக்கினம்.