தபாற்கந்தோரும் சோசலிசமும்

‘அமெரிக்க அரசாங்கம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு பாடநூல்கள். ஒன்றை இடதுசாரி என்று திட்டினார்கள், மற்றதை வலதுசாரி என்று. இடையில் கிட்டத்தட்ட அறுபது வருடம். “பாடநூலில் அரசியல் சாய்வு” என்ற சத்தம் எப்பவும் ஒரே மாதிரித்தான் கேட்கும். ஆனால் இந்த இரண்டு சண்டைகளும் ஒன்றல்ல என்பதுதான் எங்கட வாசிப்பு.

முதலாவது ஃபிராங்க் மக்ருடர் எழுதியது. 1917இல் வெளிவந்து, திருத்தித் திருத்தி உயர்நிலைப் பாடசாலைகளில் படிப்பித்த புத்தகம். அதில் ஒரு பந்தி இப்படிப் போகிறது: அமெரிக்கா முதலாளித்துவ நாடுதான், ஆனால் சுத்தமான முதலாளித்துவம் இல்லை. தபாற்சேவை, அரசின் மின் திட்டங்கள், வருமானம் கூடக் கூட ஏறுகிற வரி எல்லாம் சோசலிசத்தின் துண்டுகள். இலவசப் பாடசாலைக் கல்வியும் முதியோர் உதவியும் கம்யூனிசத்துக்கு உதாரணங்கள்.

புரட்சிக்கு வாருங்கள் என்று அவர் கூப்பிடவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதற்குப் பெயர் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் பனிப்போர் தொடங்கிவிட்டதே! 1949இல் லூசில் கார்டின் கிரேன் தன் ‘எடியுகேஷனல் ரிவியூவர்’ இதழில் புத்தகத்தைத் தாக்கினார். அதே வருடம் ஹூஸ்டன் கல்விச் சபை அதைத் தடை செய்தது. தபாற்கந்தோரை அரசாங்கம் நடத்துகிறதா இல்லையா என்று ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாசிக்கக்கூடாது என்பதுதான் பிரச்சினை. தபாற்சேவை அப்படியே இருக்க, புத்தகம் மட்டும் வகுப்பறையை விட்டுப் போனது.

இரண்டாவதை எழுதியவர்கள் ஜேம்ஸ் கியூ. வில்சனும் ஜோன் டியூலியோவும். கல்லூரிகளிலும், கல்லூரித் தரத்தில் நடக்கிற பாடசாலை வகுப்புகளிலும் படிக்கிற நூல். வில்சன் பெயர்பெற்ற பழமைவாத அறிஞர். டியூலியோ 2001இல் புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் மதம்சார் அமைப்புகளுக்கான அலுவலகத்தை நடத்தியவர், ஆனால் ஜனநாயகக் கட்சிக்காரர். ஆசிரியரின் கட்சியைப் பார்த்துப் புத்தகத்தை எடைபோடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் தலையிடிதான்.

2008இல் நியூ ஜேர்சியில் ஒரு பாடசாலை மாணவர் இந்தப் புத்தகத்தின் வசனங்களைத் தூக்கிக் காட்டினார். பாடசாலைப் பிரார்த்தனை பற்றிய பகுதியை வாசித்தால், அரச பாடசாலையில் எந்த வடிவப் பிரார்த்தனைக்கும் உயர் நீதிமன்றம் இடமே வைக்கவில்லை என்று தோன்றும். 1962, 1963 தீர்ப்புகள் தடுத்தது பாடசாலை நடத்துகிற பிரார்த்தனையையும் பைபிள் வாசிப்பையும்தான். ஒரு மாணவர் தன்பாட்டில் கும்பிட்டால் யாரும் தடுக்க முடியாது.

காலநிலை பற்றிய இடம் இன்னும் மோசம். பச்சைவீட்டு விளைவு எவ்வளவு கெடுதல் என்று விஞ்ஞானத்துக்குத் தெரியாதாம்; அப்படியொன்று இருக்கிறதா என்பதே சந்தேகமாம். வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை ஜோன் டின்டல் 1859இலேயே அளந்து காட்டிவிட்டார். 2005ஆம் ஆண்டுப் பதிப்பு அதைச் சந்தேகிக்கிறது!

இங்கே மாணவர் கேட்டது “இந்தக் கருத்தை எடுங்கோ” என்றல்ல. தீர்ப்பை எடுத்து வாசித்துப் பார்க்கலாம், விஞ்ஞானத்தைச் சரிபார்க்கலாம். நாசாவின் ஜேம்ஸ் ஹான்சனும் பிழைகள் நிறைய இருக்கின்றன என்று பதிப்பகத்துக்கு எழுதினார். ஹூஸ்டனில் இப்படிச் சரிபார்க்க எதுவும் இருக்கவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. இரண்டையும் “சாய்வு” என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால், அடுத்த தடை வரும்போது அதுவும் ஒரு திருத்தம் மாதிரியே தெரியும்.

புதிய பதிப்பில் “அப்படியொன்று இருந்தால்” என்ற வாலை வெட்டிவிட்டார்கள். அது எவ்வளவு கெடுதல் என்று விஞ்ஞானத்துக்குத் தெரியாது என்ற மிச்ச வசனம் அப்படியே இருந்தது.