மரை கழண்ட கதை

நம்ம ஊர்ல ஒருத்தர் கொஞ்சம் ஏடாகூடமா பேசினா "மரை கழண்ட கேஸ்"னு சொல்லிடுவோம். மூளையைக் கூட போல்ட் நட்டு போட்டு முடுக்கி வச்சிருக்குன்னு முடிவு பண்ணின ஒரே இனம் நாமளாத்தான் இருக்கும். இந்தப் பதிவு நிஜமாவே மரை கழண்டதைப் பத்தி. ஆபீஸ்ல ஆணி அதிகம்தான், இருந்தாலும் ஆணிக்கு நடுவுல திருகாணி வரலாறு படிச்சதுல கிடைச்ச மேட்டரை எல்லாம் இங்கே கொட்டுறேன். பொறுமையா படிங்க மக்களே.

என் செகண்ட் ஹேண்ட் கார், நிறுத்துற இடத்துல எல்லாம் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்புப் பொட்டு வச்சிட்டு வர ஆரம்பிச்சது. கீழே படுத்துப் பார்த்தா இஞ்சின் ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்லேர்ந்து சொட்டுது. முந்தின ஆயில் சர்வீஸ்ல யாரோ ஒரு புண்ணியவான் ஸ்பேனர்ல பைப்பை மாட்டி முடுக்கியிருக்கணும். போல்ட் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. புடிக்கவே இல்லை. சர்வீஸ் சென்டர்ல "சேம்பரையே மாத்தணும் சார்"னு பதினெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினாங்க. லேத் பட்டறை வச்சிருக்கிற ஒரு பெரியவர் போல்ட்டைக் கையில வாங்கி, நகத்தால ஒரு தடவை வருடிட்டு, "பதினாலுக்கு ஒண்ணரை தம்பி. புஷ் போட்டா சரியாயிடும்"னார்.

பதினாலு மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. மெக்கானிக்கல் படிச்சிட்டு கோடு அடிக்க வந்த கும்பல்ல நானும் ஒருத்தன், அதனால இது புரிஞ்சது. புரியாதது வேற. இந்த ஒண்ணரையை யார் முடிவு பண்ணினது? ஜப்பான்ல டிசைன் பண்ணின வண்டிக்கு நம்ம ஊர் பெட்டிக்கடை சைஸ் பட்டறையில இருக்கிற டேப் எப்படிப் பொருந்துது?

பொருந்தாத காலம் ஒண்ணு இருந்தது. 18ஆம் நூற்றாண்டு முடியற வரைக்கும் ஒரு போல்ட்டுக்கு அதோட கூடப் பிறந்த நட்டு மட்டும்தான் சேரும். கையால அரம் போட்டு, அச்சு வச்சு வெட்டின மரைகள். மெஷினைப் பிரிக்கும்போது எந்த நட்டு எந்த போல்ட்டுக்குன்னு அடையாளம் போட்டு வைக்கலைன்னா திரும்ப மாட்டுறது பெரும்பாடு. லண்டன்ல ஹென்றி மாட்ஸ்லேன்னு ஒரு தொழிலாளி 1800ஆம் ஆண்டை ஒட்டி திருகு வெட்டுற லேத்தை உருப்படியா செஞ்சார். கை நடுக்கம் மரையில ஏறாம, ஒரே மாதிரி மரையை எத்தனை தடவை வேணும்னாலும் வெட்டலாம். இது பெரிய விஷயம். ஆனா அவர் பட்டறைக்குள்ளதான் ஒரே மாதிரி. பக்கத்துத் தெருப் பட்டறையில வேற மரை, மான்செஸ்டர்ல இன்னொரு மரை. அவனவன் அளவு அவனவனுக்கு.

அந்தப் பட்டறையில வேலை பார்த்த ஒருத்தர்தான் ஜோசஃப் விட்வொர்த். 1833ல மான்செஸ்டர்ல சொந்தக் கடை போட்டார். அவர் செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. புதுசா எதையும் கண்டுபிடிக்கல. இங்கிலாந்து முழுக்க உள்ள பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளைச் சேகரிச்சார். அளந்தார். சராசரி எடுத்தார். அவ்வளவுதான்! 1841ல சிவில் இஞ்சினியர்கள் சங்கத்துல ஒரு கட்டுரை வாசிச்சார்: மரையோட கோணம் 55 டிகிரி, மேலயும் கீழயும் உருண்டையா இருக்கணும், கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8. சராசரிங்கிறதால யாருக்கும் முழுசா ஜெயிச்ச மாதிரியும் இல்லை, முழுசா தோத்த மாதிரியும் இல்லை. ரயில்வே கம்பெனிகள் பிடிச்சுக்கிட்டாங்க, பிறகு ஊரே பிடிச்சுக்கிச்சு.

ரயிலோட அந்த மரை கப்பலேறி நம்ம ஊருக்கும் வந்தது. தென்னிந்தியாவோட முதல் ரயில் ராயபுரத்துல இருந்து 1856ல கிளம்பினது. அங்குலக் கணக்கு இன்னமும் பட்டறைப் பேச்சுல ஒட்டிக்கிட்டு இருக்கு. "நாலு நூல் போல்ட் குடு"ன்னா அரை அங்குல போல்ட். ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. மெட்ரிக் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, நூல் மட்டும் அறுந்து போகவே இல்லை பாருங்க.

விட்வொர்த் மரை உலகம் பூரா போயிருக்கும், அமெரிக்காக்காரன் மட்டும் குறுக்கே வரலைன்னா. பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த வில்லியம் செல்லர்ஸ் 1864ல ஃப்ராங்க்ளின் இன்ஸ்டிட்யூட்ல எழுந்து நின்னு, இதெல்லாம் சரிப்படாது, நமக்குன்னு ஒண்ணு வேணும்னார். 60 டிகிரி கோணம், உருண்டைக்குப் பதிலா தட்டை முனை. தேசப்பற்று கொஞ்சம் இருந்திருக்கலாம், ஆனா அவரோட வாதம் சுத்தமான இஞ்சினியரிங் வாதம். விட்வொர்த் மரையோட உருண்டை முனையை வெட்ட மூணு வகை வெட்டுக்கருவியும் ரெண்டு வகை லேத்தும் வேணும். என்னோடதுக்கு ஒரு கருவி, ஒரு லேத் போதும். 60 டிகிரியை வரையறதும் சுலபம், சமபக்க முக்கோணம்தானே. கை தேர்ந்த வேலைக்காரன் கம்மி, வேலை அதிகம் இருக்கிற நாட்டுக்கு இதுதான் சரி. 1868ல அமெரிக்கக் கடற்படை இதை ஏத்துக்கிச்சு. நல்லா இருக்கிறது ஜெயிக்கல, செய்ய சுலபமானது ஜெயிச்சது. நம்ம தொழில்ல இதை தினமும் பார்க்கிறோமே :-)

இப்ப கூத்தைக் கவனிங்க. கால் அங்குலத்துக்கு ரெண்டு பேரும் 20 மரைதான். ஒரு அங்குலத்துக்கு ரெண்டு பேரும் 8. ஆனா அரை அங்குலத்துக்கு விட்வொர்த் 12, செல்லர்ஸ் 13. பார்த்தா ஒரே மாதிரி இருக்கும். ரெண்டு சுத்து ஏறும், மூணாவதுல இறுகும், முடுக்கினா மரை போயிடும். முழுசா பொருந்தாதது தேவலை, பாதி பொருந்துறதுதான் ஆபத்து.

மரை பொருந்தாததால ஒரு நகரமே எரிஞ்ச கதையும் உண்டு. 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவோட பால்டிமோர்ல தீ. வாஷிங்டன்ல இருந்து தீயணைப்பு வண்டிகளை ரயில்ல ஏத்தி அனுப்பினாங்க, சீக்கிரமே வந்தும் சேர்ந்தாங்க. அவங்க ஹோஸ் பைப் பால்டிமோர் ஹைட்ரன்ட்டுல ஏறல. மரை வேற. துணியைச் சுத்தி ஒப்பேத்திப் பார்த்தாங்க. மத்த ஊர்கள்ல இருந்து வந்தவங்களுக்கும் இதே கதி. முப்பது மணி நேரத்துக்கு மேல எரிஞ்சு 1500க்கும் அதிகமான கட்டடங்கள் போச்சு. பிறகு விசாரிச்சா, அமெரிக்காவுல மட்டும் 600க்கும் மேற்பட்ட வகை ஹோஸ் இணைப்பு புழக்கத்துல இருந்திருக்கு. அடுத்த வருஷமே தேசிய அளவுன்னு ஒண்ணு அறிவிச்சாங்க. நூறு வருஷம் கழிச்சும் எல்லா நகரமும் அதுக்கு மாறலைங்கிறது வேற சோகம்.

ஐரோப்பாக் கண்டத்துக்காரங்க இந்தச் சண்டையில சேராம 1898ல சூரிச் நகரத்துல கூடி மில்லிமீட்டர் மரை ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க. கோணம் மட்டும் செல்லர்ஸோட 60 டிகிரி. ஆக உலகத்துல மூணு கட்சி. இந்த மூணும் கலந்தா என்ன ஆகும்கிறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் பிரிட்டிஷ் மோரிஸ் கார். முதல் உலகப்போருக்குப் பிறகு மோரிஸுக்கு இஞ்சின் செஞ்சு கொடுத்தது காவென்ட்ரியில இருந்த ஹாட்ச்கிஸ் ஃபேக்டரி. ஃபிரெஞ்சுக் கம்பெனி, அதனால மெஷின் எல்லாம் மெட்ரிக். ஆனா வண்டி ஓட்டுற இங்கிலீஷ்காரர் கையில இருக்கிறது விட்வொர்த் ஸ்பேனர். என்ன பண்ணினாங்க தெரியுமா? மரை மில்லிமீட்டர், போல்ட் தலை விட்வொர்த்! 1923ல மோரிஸ் அந்த ஃபேக்டரியையே வாங்கினார், ஆனா மெஷினை மாத்தல. 1950கள்ல வந்த எம்ஜி கார் இஞ்சின் வரைக்கும் இதே கோளாறு தொடர்ந்தது. ஸ்பேனர் சரியா உட்காருது, கடையில வாங்கின புது போல்ட் ஏற மாட்டேங்குதுன்னு அந்தக் காலத்துல எத்தனை பேர் தலையில கை வச்சு உட்கார்ந்திருப்பாங்களோ. விட்வொர்த் ஸ்பேனர்ல எழுதியிருக்கிற நம்பர் வாய் அகலம் இல்லை, போல்ட்டோட குறுக்களவுங்கிறது கூடுதல் குழப்பம்.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் விளையாட்டு வினையாச்சு. ரோல்ஸ் ராய்ஸோட மெர்லின் விமான இஞ்சினை அமெரிக்காவுல பேக்கர்ட் கார் கம்பெனி தயாரிக்க 1940ல ஒப்பந்தம். இஞ்சின் முழுக்க பிரிட்டிஷ் மரை. அமெரிக்காவுல அதுக்கான டேப்பும் டையும் கடையில கிடைக்காது. வேற வழியில்லாம பேக்கர்ட் அந்தக் கருவிகளையும் தானே செஞ்சு, அதுக்கப்புறம் இஞ்சின் செஞ்சது. அமெரிக்க மரைக்கு மாத்தியிருக்கலாமேன்னு கேட்கலாம். மாத்தியிருந்தா, அங்கே செஞ்ச இஞ்சின் பாகத்தை இங்கிலாந்து விமானத்தளத்துல மாட்ட முடியாது. ஒரே அணியில நின்னு சண்டை போடுற ரெண்டு நாடு, ஒருத்தன் நட்டு இன்னொருத்தன் போல்ட்டுக்கு ஏறல!

போர் முடிஞ்சு 1948 நவம்பர் 18 அன்னிக்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் வாஷிங்டன்ல கையெழுத்துப் போட்டு யூனிஃபைடு மரைன்னு ஒண்ணுக்கு வந்தாங்க. 60 டிகிரி அமெரிக்காவோடது, அடிப்பகுதி வளைவு விட்வொர்த் பக்கத்தோடது. அரை அங்குலத்துக்கு 13. அதாவது நூறு வருஷம் கழிச்சு பிரிட்டன் இறங்கி வந்தது. இதுக்கு நடுவுல 1947ல ஐஎஸ்ஓ ஆரம்பிச்சப்ப, அதோட தொழில்நுட்பக் குழு நம்பர் ஒண்ணு எதுக்குன்னு நினைக்கிறீங்க? திருகு மரைக்கு. உலகம் ஒண்ணா உட்கார்ந்து பேசணும்னு நினைச்சதும் முதல்ல ஞாபகம் வந்தது இதுதான். அங்கிருந்து வந்ததுதான் என் போல்ட்டோட பதினாலுக்கு ஒண்ணரை. பதினாலுக்கு சாதாரண மரை 2 மில்லிமீட்டர், நைஸ் மரை 1.5. மெல்லிசான சேம்பர்ல அதிக மரை உட்காரணும், அதிர்வுல சட்டுனு கழலக்கூடாதுன்னு நைஸ் மரையைப் போடுறாங்க.

அப்புறம் ஏன் மரை போகுது? போல்ட் எஃகு, சேம்பர் அலுமினியம். ரெண்டும் மல்லுக்கு நின்னா மெத்துனு இருக்கிறவன்தான் தோப்பான். அதோட பாரம் எல்லா மரைக்கும் சமமா போறதில்லை. முதல் மரையே ஏறக்குறைய மூணுல ஒரு பங்கைத் தாங்குது. அது போனா அடுத்தது, அதுவும் போனா அதுக்கடுத்தது, வரிசையா சரியும். ஒரு அடி ஸ்பேனர் நுனியில பத்துப் பன்னிரண்டு கிலோ அழுத்தம் கொடுத்தாலே இந்த போல்ட்டுக்குப் போதும். பைப் மாட்டினா கதை முடிஞ்சது. ஆயிலை நிறுத்துறது மரைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, இல்லை. நிறுத்துறது அந்த செப்பு வாஷர். மரையோட வேலை வாஷரை நசுக்கிப் பிடிக்கிறது மட்டும்தான். பிடி போனதும் சொட்ட ஆரம்பிக்குது. டெஃப்லான் டேப் சுத்துறதும் எம்-சீல் பூசுறதும் பால்டிமோர்ல துணி சுத்தின கதைதான். ஒரு நாள் போல்ட் மொத்தமா விழுந்து ஆயில் கொட்டினா, சில நிமிஷத்துல இஞ்சின் ஜாம்.

அலுமினியத்துக்கு எஃகு மரை போடுற யோசனையும் விமான இஞ்சின் பக்கம் வளர்ந்ததுதான். அலுமினிய ஹெட்டுல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிக் கழட்டி மாட்டினா மரை தேயும். அதுக்காக ஓட்டையைப் பெருசாக்கி, வைர வடிவக் குறுக்குவெட்டு உள்ள கம்பியைச் சுருளா உள்ளே இறக்கினாங்க. வெளிப்பக்கம் புது மரையைப் பிடிச்சுக்கும், உள்பக்கம் பழைய அளவே கிடைக்கும். நம்ம மெக்கானிக்குகள் சொல்ற ஹெலிகாயில் இதுதான். அடிக்கடி கழட்டுற ட்ரெயின் போல்ட்டுக்கு சுருளை விட கெட்டியான புஷ் நல்லதுன்னு பெரியவர் முடிவு. டேப் முழுக்க கிரீஸைத் தடவி இறக்கினார், அலுமினியத் துருவல் இஞ்சினுக்குள்ள போகாம கிரீஸ்லயே ஒட்டிக்கிட்டு வர. அப்புறம் மேல இருந்து கால் லிட்டர் ஆயிலை ஊத்தி மிச்சத்தைக் கழுவி எடுத்துட்டு, லாக்டைட் தடவி புஷ்ஷை முடுக்கினார். ஒரு மணி நேர வேலை, ஆயில் தவிர எண்ணூறு ரூபாய்.

பிரிட்டிஷ் தர நிறுவனமே 1965ல, விட்வொர்த் வகை மரைகளை இனி புது டிசைனுக்குப் போடாதீங்க, முதல் தேர்வு மெட்ரிக்தான்னு அறிவிச்சிடுச்சு. அதோட விட்வொர்த் ஒழிஞ்சார்னு நினைச்சா, இல்லை. தண்ணி பைப் மரையில மட்டும் அவரை யாராலும் அசைக்க முடியல. ஐஎஸ்ஓவே பைப்புக்கு அவரோட 55 டிகிரியை அப்படியே ஏத்துக்கிச்சு. உங்க வீட்டு பாத்ரூம்ல அரை இஞ்ச் குழாயைத் திருகிக் கழட்டினா, உள்ளே இருக்கிறது 1841ல அவர் சராசரி எடுத்த அதே கோணம்தான்.

டிஸ்கி: ஆயில் மாத்தும்போது பழைய வாஷரையே திரும்பப் போட விடாதீங்க. முப்பது ரூபாய்தான். கேட்டு வாங்கிப் போடுங்க.