முரளியின் தோளும் நம் பிள்ளைகளின் முழங்காலும்

 

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால் சுளுக்கும் தசைப்பிடிப்பும் கூடவே வந்துவிடும். "எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகாவிட்டால், "அவ்வளவுதான், இனி ஓடாதே" என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மருத்துவம் இருக்கிறது. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

இப்னு சீனா 1025 அளவில் எழுதி முடித்த 'அல்கானூன்' என்ற மருத்துவ நூலில் உடற்பயிற்சிக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கு முன் உடலைத் தயார்செய்யும் பிடித்துவிடல் ஒன்று, பயிற்சிக்குப் பின் களைப்பைப் போக்கும் பிடித்துவிடல் இன்னொன்று என்று பிரித்துச் சொல்கிறார். உடலைச் சூடேற்றிவிட்டு விளையாடு, முடிந்ததும் மெல்ல ஆறவிடு என்று இன்று பயிற்றுவிப்பாளர்கள் சொல்வதன் கரு அங்கேயே இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் அர்ஜுனவையும் அரவிந்தவையும் எல்லோருக்கும் தெரியும். அந்த அணியோடு இருந்த அவுஸ்திரேலிய இயன்மருத்துவர் அலெக்ஸ் கொன்டூரியை நினைப்பவர்கள் குறைவு. வீரர்களின் உடலைக் கவனிப்பதும் வெற்றிக்கான வேலைதான் என்பதை நம் கிரிக்கெட் படித்துக்கொண்ட காலம் அது.

அதன் பலனை முத்தையா முரளிதரனிடம் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன் அவர். 2004 ஆகஸ்டில் தோளில் காயம் பட்டபோது அவருக்கு வயது 32. டெஸ்டில் 532 விக்கெட் எடுத்திருந்தார். பல ஆண்டுகள் ஓயாமல் பந்து வீசிய தோள். அவுஸ்திரேலியாவில் சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு மாதக்கணக்கில் சிகிச்சையும் பயிற்சியும். அவசரப்படாமல் 2005 இல்தான் டெஸ்ட் போட்டிக்குத் திரும்பினார். 2010 ஜூலையில் காலியில் 800 ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். கணக்குப் பாருங்கள்: 268 விக்கெட்டுகள் அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்தவை.

"அதெல்லாம் தேசிய அணிக்கு, நமக்கு ஏது வசதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2008 இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளிடம் செய்யப்பட்டது. ஒரு பகுதியினர் விளையாடும் முன் 20 நிமிடம் ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குந்தி எழுதல், குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குதல் போன்ற பயிற்சிகளைச் செய்தார்கள். மற்றவர்களை விட அவர்களுக்குக் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. இதற்கு இயந்திரம் வேண்டாம், காசும் வேண்டாம். 'பீபா 11+' என்று பெயர்.

மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு முழங்கால் பிசகினால், பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வர அம்மாவின் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் பல பிள்ளைகள் வலியோடு ஓடுகிறார்கள், அல்லது ஓடுவதையே விட்டுவிடுகிறார்கள். சிகிச்சை தூரத்தில் இருக்கும் இடத்தில்தான் தடுப்பு அதிகம் தேவை.

பெற்றோரிடமும் சக ஆசிரியர்களிடமும் நான்கு வேண்டுகோள். குளிர்காலைப் பயிற்சியில் முதல் 20 நிமிடத்தைச் சூடேற்றலுக்கு ஒதுக்குங்கள். வீங்கிய மூட்டை யாரும் இழுக்கவோ முறுக்கவோ விடாதீர்கள். கால் ஊன்ற முடியாவிட்டால் அன்றே டொக்டரிடம் காட்டுங்கள். வலி போனதும் போட்டிக்கு இறக்காமல், முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், அதன்பின் வேகம் என்று படிப்படியாகக் கொண்டுவாருங்கள்.

முரளிக்கே பல மாதம் தேவைப்பட்டது. நம் பிள்ளைக்குச் சில வாரமாவது கொடுப்போம். உங்கள் பாடசாலை வட்ஸ்அப் குழுக்களிலும் இதைப் பகிருங்கள்.