கப்பல் பயணியர் காணும் எபேசு: ஒருநாள் பயணத்தடமும் வரலாற்றுத் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள குஷாதாசித் துறைமுகத்தில் இறங்கும் சொகுசுக் கப்பல் பயணியர், சில மணி நேரத்திற்குள் பண்டைய எபேசு நகரைக் கண்டு கப்பலுக்குத் திரும்புகின்றனர். இவர்களுக்கென அமைக்கப்படும் தனிப்பயணங்களின் தடத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நகருக்குள் இன்றைய பயணத்தடம் கி.பி. 104ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று குறிப்பிடும் ஊர்வலத் தடத்தோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. எனினும் அவ்வூர்வலத்தின் தொடக்கமும் முடிவுமாக இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலும், நகருக்கு வாழ்வளித்த துறைமுகமும் இன்றைய தடத்தில் ஓரத்திற்குத் தள்ளப்பட்டுள்ளன. இதனால் நகரம் ஏன் அங்குத் தோன்றியது, ஏன் கைவிடப்பட்டது என்னும் இரு வினாக்களும் பார்வையாளரிடம் எழாமலே போகின்றன என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: எபேசு, குஷாதாசி, சலுட்டாரிஸ் கல்வெட்டு, துறைமுக வண்டல், மரபுச் சுற்றுலா.

முன்னுரை

தமிழ் வாசகர்க்கு எபேசு என்னும் பெயர் பெரும்பாலும் விவிலியத்தின் வழியே அறிமுகமானது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகமும், திருத்தூதர் பணிகள் நூலின் 19ஆம் இயலில் வரும் வெள்ளித் தட்டார் கலகமும் பலரும் அறிந்தவை. அக்கலகத்திற்குக் காரணமான பெண் தெய்வத்தைப் பழைய தமிழ் விவிலியம் தியானாள் என்று குறிக்கிறது. கிரேக்கர் அத்தெய்வத்தை ஆர்ட்டெமிஸ் என்றனர். அத்தெய்வத்தின் கோயிலைப் போன்ற சிறு வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்றவர்கள், தம் தொழிலுக்குக் கேடு வரும் என்றஞ்சிக் கிளர்ந்தெழுந்தனர் என்பது அவ்வியலின் செய்தி. வெளியூரார் வருகையை நம்பி வாழ்ந்தோர் முதலாம் நூற்றாண்டிலேயே அந்நகரில் இருந்தனர் என்பதற்கு இது ஒரு சான்றாகக் கொள்ளத்தக்கது.

எபேசு இன்று இஸ்மீர் மாகாணத்தின் செல்ச்சுக் நகரை அடுத்து அமைந்துள்ளது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் அங்கு வருவோருள் கப்பல் பயணியர் குறிப்பிடத்தக்க பிரிவினர். தொல்லியல் அறிக்கைகளையோ கல்வெட்டுத் தொகுதிகளையோ அவர்கள் படிப்பதில்லை. நடந்து செல்லும் தடமே அவர்கள் படிக்கும் ஒரே பனுவல். ஆகவே அத்தடம் எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பது வரலாற்றாய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்றாகிறது.

1. இன்றைய பயணத்தடம்

கப்பல் காலையில் கரையணைந்து மாலையில் புறப்படுவது பொது வழக்கம். குஷாதாசியிலிருந்து எபேசு ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு குடும்பமோ சிறு குழுவோ வேன் ஒன்றையும் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொள்வதே தனிப்பயணம் எனப்படுகிறது. துருக்கியில் வழிகாட்டுதல் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். 2012இல் இயற்றப்பட்ட 6326ஆம் எண் சட்டம் அதற்கானது. பேருந்துக் கூட்டத்தோடு செல்லாமையால் நேரத்தையும் வரிசையையும் ஓரளவு மாற்றிக்கொள்ளலாம் என்பதே தனிப்பயணத்தின் சிறப்பு. ஆயினும் கப்பல் புறப்படும் நேரத்தை எவராலும் மாற்றவியலாது.

நகரின் மேல்வாயிலில் பயணியரை இறக்கிவிட்டுக் கீழ்வாயிலில் ஏற்றிக்கொள்வது பெரும்பான்மை நடைமுறை. மேல் அகோரா எனப்படும் அரசுச் சதுக்கத்தில் தொடங்கி, குரேட்டர் தெரு வழியாகச் சரிவில் இறங்கி, ஹேட்ரியன் கோயிலைக் கடந்து, செல்சஸ் நூலகத்தை அடைந்து, பளிங்குத் தெரு வழியாகப் பேரரங்கில் முடிவது இத்தடம். இத்துடன் புல்புல் மலையிலுள்ள மரியாளின் இல்லமும் பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. அருட்சகோதரி ஆன் கேத்தரின் எம்மெரிக்கின் காட்சிகளைப் பின்பற்றி 1891இல் அடையாளம் காணப்பட்ட இவ்விடத்திற்கு 1967, 1979, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று திருத்தந்தையர் வந்துள்ளனர். ஆர்ட்டெமிஸ் கோயிலின் தளம் நேரம் எஞ்சினால் இறுதியில் சில நிமிடங்கள் காட்டப்படும், எஞ்சாவிடில் விடப்படும்.

மேலிருந்து கீழிறங்கும் வரிசைக்கு வரலாற்றுக் காரணம் ஏதுமில்லை. வெயிலில், வழுக்கும் பளிங்குத் தளத்தில், முதியோர் பலர் நடக்க வேண்டியிருப்பதே காரணம். ஆனால் உடல் வசதிக்காக ஏற்பட்ட இவ்வரிசைக்கு வரலாற்று விளைவு உண்டு. கடல்வழி வந்தவர்கள் நகருக்குள் நிலவழி வந்தவர்களைப் போல் நுழைகின்றனர்.

2. கடல்வழி வருகையின் பண்டைய ஒழுங்கு

அலெக்சாந்தரின் தளபதியரில் ஒருவரான லைசிமாக்கஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரை இன்றுள்ள இடத்திற்கு மாற்றி அமைத்தார். இடம்பெயர மறுத்த மக்களை வெளியேற்றுவதற்காக, பெருமழையின்போது பழைய குடியிருப்பின் வடிகால்களை அவர் அடைத்தார் என ஸ்ட்ராபோ கூறுகிறார். புதிய நகரின் முகப்பு துறைமுகத்தை நோக்கியிருந்தது. ரோமப் பேரரசின் ஆசிய மாகாணத்தில் எபேசின் சிறப்பு இத்துறைமுகத்தைச் சார்ந்தது. 1976இல் எபேசில் கண்டெடுக்கப்பட்ட ஆசிய மாகாணச் சுங்கச் சட்டக் கல்வெட்டு, கடல் வணிகத்தின்மீது அரசு கொண்டிருந்த கட்டுப்பாட்டை விரிவாகக் காட்டுகிறது.

கடல்வழி வருகை சட்டக் கடப்பாடாகவும் இருந்தது. ஆசிய மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்க வருபவர் கடல்வழியே வரவேண்டும், தலைமை நகரங்களுள் முதலில் எபேசிலேயே இறங்க வேண்டும் என்னும் பேரரசரின் ஆணையைச் சட்ட அறிஞர் உல்பியன் பதிவு செய்துள்ளார். அவ்வாறு இறங்கியவர் முதலில் கண்டவை துறைமுக வாயில்கள். அடுத்து, நேராகப் பேரரங்கை நோக்கிச் செல்லும் 500 மீட்டருக்கும் மேற்பட்ட தெரு. பின்னாளில் பேரரசர் அர்க்காடியஸின் பெயரால் (ஆட்சி: 395–408) அர்க்காடியானே எனப்பட்ட இத்தெருவில் இரவு விளக்குகள் எரிந்ததைக் கல்வெட்டொன்று தெரிவிக்கிறது. அவருக்குப் பேரரங்கு தொடக்கக் காட்சி. இன்றைய பயணிக்கு அது இறுதிக் காட்சி. அன்று வணிகச் சதுக்கத்தைக் கடந்தே அரசுச் சதுக்கத்திற்கு ஏற வேண்டியிருந்தது. இன்று அரசின் கட்டடங்கள் முதலில் வருகின்றன. வணிகச் சதுக்கம் செல்சஸ் நூலகத்தின் அருகே ஒதுங்கி நிற்கிறது.

3. சலுட்டாரிஸ் ஊர்வலம்

மேலிருந்து கீழிறங்கும் தடத்திற்குப் பண்டைய முன்மாதிரி ஒன்று இல்லாமலில்லை. கி.பி. 104இல் கயஸ் விபியஸ் சலுட்டாரிஸ் என்னும் செல்வர் நகருக்கு ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஆர்ட்டெமிஸ், பேரரசர் டிராஜன், அவர் துணைவி, ரோம மேலவை, நகரைத் தோற்றுவித்தோர் முதலியோரின் தங்க, வெள்ளிச் சிலைகளைக் குறிப்பிட்ட நாள்களில் ஊர்வலமாக எடுத்துச் செல்ல அது வழிவகுத்தது. பேரரங்கின் சுவரில் 568 வரிகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அதன் விவரங்களைத் தருகிறது. ஊர்வலம் ஆர்ட்டெமிஸ் கோயிலில் தொடங்கும். மக்னீசிய வாயிலில் நகர இளைஞர் அதை எதிர்கொண்டு அழைப்பர். மேல் அகோராவைக் கடந்து சரிவில் இறங்கிப் பேரரங்கை அடையும். பின்னர்க் கொரேசிய வாயில் வழியே வெளியேறிக் கோயிலுக்குத் திரும்பும்.

இவ்வூர்வலத்தை விரிவாக ஆராய்ந்த கை மெக்லீன் ராஜர்ஸ் (1991), இளைஞர்க்கு நகரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஏற்பாடாக இதனை விளக்குகிறார். ரோமர் காலக் கட்டடங்கள் மிகுந்த மேற்பகுதியிலிருந்து லைசிமாக்கஸின் நகரத்திற்கும், அங்கிருந்து அயோனியத் தொன்மத்தோடு தொடர்புடைய பகுதிக்கும், இறுதியில் தெய்வத்திடமும் தடம் செல்கிறது. அதாவது, நடப்பவர் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறார்.

இன்றைய பயணி நகருக்குள் இதே திசையில் நடக்கிறார். ஆனால் மூன்று வேறுபாடுகள் உள்ளன. முதலாவது, கோயிலிலிருந்து தொடங்குவதும் கோயிலில் முடிவதும் இன்று இல்லை. இரண்டாவது, இன்றைய தடத்தின் உச்சமாகக் கருதப்படும் செல்சஸ் நூலகம் 104இல் கட்டப்படவே இல்லை. செல்சஸின் மகன் அக்விலா தந்தையின் நினைவாக எழுப்பிய அந்நூலகத்தின் முகப்பு, சிதறிக் கிடந்த கற்களைக்கொண்டு 1970க்கும் 1978க்கும் இடையே ஆஸ்திரிய ஆய்வாளர்களால் மீள நிறுத்தப்பட்டது. முகப்பின் மாடங்களில் உள்ள சிலைகள் படிகளே; மூலச் சிலைகள் வியன்னாவில் உள்ளன. ஒளிப்படங்களில் எபேசின் அடையாளமாகிவிட்ட இக்காட்சி இருபதாம் நூற்றாண்டின் மீட்டமைப்பு. மூன்றாவது, சலுட்டாரிஸின் ஊர்வலம் தன் தேர்வைக் கல்லில் பொறித்து அறிவித்தது. இன்றைய தடம் தன்னை ஒரு தேர்வாகக் காட்டிக்கொள்வதில்லை.

4. 1867ஆம் ஆண்டின் கப்பல் பயணியர்

கப்பல் பயணியர் எபேசை ஒரே நாளில் காணும் வழக்கம் அண்மையில் தோன்றியதன்று. 1867இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'குவேக்கர் சிட்டி' என்னும் கப்பலின் பயணியர், ஸ்மிர்னா துறைமுகத்தில் இறங்கி, புதிதாக அமைந்த ஸ்மிர்னா–அய்தின் இருப்புப்பாதை வழியே அயாசுலுக்கை (இன்றைய செல்ச்சுக்) அடைந்தனர். இடிபாடுகளைச் சுற்றிவரக் கழுதைகளையும் தொடர்வண்டியிலேயே கொண்டுவந்தனர். அக்குழுவிலிருந்த மார்க் டுவைன் இதனைத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். பயணியர் சேகரித்த சிற்பத் துண்டுகளை உதுமானிய அதிகாரி ஒருவர் தலைநகரின் ஆணைப்படி திரும்பப் பெற்றதையும் அவர் குறிப்பிடுகிறார். தொல்பொருள் பாதுகாப்பு குறித்த உதுமானிய அரசின் முதல் ஒழுங்குமுறை 1869இல் வெளிவந்தது என்பதை இங்கு இணைத்துக் காணலாம்.

அப்பயணியர் கண்ட எபேசில் செல்சஸ் நூலகம் இல்லை. அது 1903–1904இலேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆர்ட்டெமிஸ் கோயிலும் இல்லை. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் சார்பில் அதனைத் தேடிக்கொண்டிருந்த ஜான் டர்ட்டில் வுட், 1866இல் பேரரங்கில் சலுட்டாரிஸ் கல்வெட்டைக் கண்டார். கோயிலுக்கும் மக்னீசிய, கொரேசிய வாயில்களுக்கும் இடையே ஊர்வலம் சென்றதை அதிலிருந்து அறிந்து, அவ்வாயில்களையும் அவற்றிலிருந்து செல்லும் சாலையையும் தேடிப் பின்தொடர்ந்தார். 1869 டிசம்பர் 31 அன்று கோயிலின் தளம் வெளிப்பட்டது. ஊர்வலத் தடத்தை முழுமையாகப் பின்தொடர்ந்ததாலேயே மறைந்த கோயில் கிடைத்தது என்பது இன்றைய தடத்தின் குறையை நன்கு உணர்த்துகிறது.

5. வண்டலும் நகரின் முடிவும்

கைஸ்டர் ஆறு, அதாவது இன்றைய குச்சுக் மெண்டெரெஸ், கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தொடர்ந்து தூர்த்தது. இதனை எதிர்த்த முயற்சிகள் பல நூற்றாண்டுகள் நீடித்தன. பெர்கமோன் அரசர் அட்டாலஸ், நுழைவாயிலைக் குறுக்கினால் துறைமுகம் ஆழமாகும் எனக் கருதி அலைதடுப்புச் சுவர் எழுப்பச் செய்தார். அதனால் வண்டல் உள்ளேயே தங்கித் துறைமுகம் மேலும் மேடானது என்கிறார் ஸ்ட்ராபோ. நீரோ காலத்து ஆளுநர் பரேயா சொரானஸ் துறைமுகத்தைத் திறந்துவிட முயன்றதை டாசிட்டஸ் குறிக்கிறார். துறைமுகங்களைக் கப்பல் செல்லத்தக்கனவாக்கி ஆற்றையும் திருப்பிவிட்டமைக்காக ஹேட்ரியனைக் கி.பி. 129ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று போற்றுகிறது. துறைமேடையில் மரங்களை அடுக்குவதையும் கல் அறுப்பதையும் தடுக்கும் ஆளுநர் அல்பஸின் ஆணையும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே இடரைப் பற்றி மீண்டும் மீண்டும் சான்றுகள் கிடைப்பதே, எந்தத் தீர்வும் நிலைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

நகரின் வீழ்ச்சிக்கு நிலநடுக்கம், படையெடுப்பு போன்ற பிற காரணங்களும் உண்டு. எனினும் துறைமுகம் இழந்த நகரம் மீள எழவில்லை. மக்கள் அயாசுலுக் குன்றைச் சுற்றிக் குடியேறினர். ஜஸ்டினியன் காலத்து யோவான் பேராலயமும் 1375ஆம் ஆண்டின் இசா பே பள்ளிவாசலும் அப்பிற்கால வாழ்வின் சான்றுகள். கடல் இன்று பண்டைய துறைமுகத்திலிருந்து பல கிலோமீட்டர் விலகியுள்ளது. குஷாதாசியை இத்தாலிய வணிகர் ஸ்காலா நோவா, அதாவது 'புதிய இறங்குதுறை' என அழைத்தனர். பழைய துறை பயனற்றுப்போன கரையில்தான் புதிய துறை தேவைப்பட்டது. கப்பல் பயணியர் எபேசில் இறங்காமல் குஷாதாசியில் இறங்கி வேனில் செல்வதே இவ்வண்டல் வரலாற்றின் நேரடி விளைவு. ஆயினும் அவர்கள் செல்லும் தடம் இதனை அவர்களுக்குச் சொல்வதில்லை.

6. தனிப்பயணத்தின் வாய்ப்பு

பெருங்குழுப் பயணத்தில் தடத்தை மாற்றுவது கடினம். தனிப்பயணத்தில் அது இயலும். கோயிலின் தளம் குஷாதாசி–செல்ச்சுக் சாலையை ஒட்டியே உள்ளது. பயணத்தை அங்கிருந்து தொடங்கினால், சதுப்பில் தனித்து நிற்கும் ஒற்றைத் தூண் 'பார்க்க ஒன்றுமில்லாத' கடைசி நிறுத்தமாக இராது. நகரம் எதனால் புகழ்பெற்றது என்பதன் விளக்கமாக அமையும். பேரரங்கில் ஏறிய பயணியை மேற்கு நோக்கித் திருப்பி, துறைமுகத் தெருவையும் அதற்கப்பால் நாணல் மண்டிய பழைய துறைமுகப் படுகையையும் காட்டினால், நகரம் ஏன் முடிவுற்றது என்பதும் விளங்கும். இவ்விரு மாற்றங்களும் சரிவில் இறங்கும் வசதியைக் குலைப்பதில்லை. கூடுதலாகத் தேவைப்படும் நேரமும் குறைவு.

முடிவுரை

எபேசின் தடம் மூன்று காலங்களில் மூன்று வகையாக அமைந்தது. 104இல் கோயிலிலிருந்து கோயிலுக்கு. ரோம ஆளுநருக்குத் துறைமுகத்திலிருந்து அரசுச் சதுக்கத்திற்கு. இன்று மேல்வாயிலிலிருந்து கீழ்வாயிலுக்கு. முதலிரண்டும் நகரின் வாழ்வோடு பிணைந்தவை. மூன்றாவது, வாகனம் நிறுத்தும் இரு இடங்களை இணைப்பது. அதன் நடுவே மீட்டமைக்கப்பட்ட ரோம நகரொன்று சிறப்பாகத் தெரிகிறது. தெய்வமும் கடலும் தெரிவதில்லை. சுற்றுலாத் தடங்களை வரலாற்றெழுத்தின் ஒரு வடிவமாகக் கொண்டு ஆராய்வதும், பாடத்திட்டங்களிலும் வழிகாட்டிகளின் பயிற்சியிலும் அவ்வாய்வுகளைச் சேர்ப்பதும் பயன்தரும். ஒரு நகரைத் தம் வாழ்நாளில் சில மணி நேரமே காணவிருப்பவருக்கு, அந்நகரம் இருந்ததற்கும் இல்லாமற்போனதற்குமான காரணங்களையாவது தெரிவிப்பது வரலாற்றுத் துறையின் கடமையாகும்.