அறநோக்கும் அரசியல் நம்பிக்கையும்: வன்னிக் குடியேற்றங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் ஏற்கும் அரசியலுக்கும் மனிதரைப் பற்றி அவர் கொண்டுள்ள அறநோக்குக்கும் உள்ள தொடர்பு யாது? அறமே அரசியலின் ஊற்று என்பர் இலட்சியவாதிகள். ஒழுக்கக் கோட்பாடுகள் அவ்வக்காலப் பொருளாதார நிலைமைகளின் விளைவே என ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். இரண்டாவது நிலைப்பாடே எமக்கு உடன்பாடானது. எனினும் அதனை வெறுஞ் சூத்திரமாகக் கொள்ளாது, குறித்தவொரு வரலாற்றுச் சூழலில் வைத்துச் சோதித்தல் வேண்டும். மலையகத் தமிழர் வன்னியிற் குடியேறிய வரலாறு அதற்கு ஏற்ற களமாகும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இப்பிரச்சினையை ஒட்டித் தமிழ்க் காங்கிரஸ் பிளவுற்று, 1949இல் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றியது. அறவுணர்வொன்று கட்சியரசியலாக உருப்பெற்றமைக்கு இது சான்று. ஆயினும் அவ்வரசியலின் மையத்தில் குடியுரிமையும் மொழியுரிமையும் நின்றனவேயன்றி, நிலமற்ற தொழிலாளிக்கு நிலம் என்ற கோரிக்கை நிற்கவில்லை.

1970களின் முற்பகுதியில் தோட்டங்களிற் பரவிய பட்டினியும், 1977 ஆகஸ்ட் வன்செயலும் பெருந்தொகையான மலையக மக்களை வன்னிக்குத் தள்ளின. வந்தவர்களை வன்னி ஒரே கண்கொண்டு நோக்கவில்லை. இரணைமடு நீரை நம்பிய கிளிநொச்சி நெற்செய்கையாளருக்கு அவர்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்த உழைப்பு. ‘அடைக்கலம் கொடுத்தோம்’ என்ற பெருமிதமும், ‘தோட்டக்காட்டார்’ என்ற இளக்காரமும் ஒரே வீட்டில் முரண்பாடின்றி வாழ்ந்தன. தேசியவாதிகளிற் பலருக்கோ அவர்கள் எல்லைப்புறத்தைக் காக்கும் மக்கட்டொகை. முன்னது இரக்கத்தின் அறம். பின்னது இனத்தின் அறம். இரண்டிலும் தொழிலாளி பிறரது தேவைக்கான கருவியே.

இவற்றினின்றும் வேறுபட்டு நின்றது வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம் இயக்கம். கட்டடக்கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் சோ. இராஜசுந்தரமும் அதனை முன்னின்று நடத்தினர். அகதிகளை நிலத்தில் அமர்த்துதலும், பாலர் பாடசாலைகள் நடத்துதலும் அதன் பணிகளாயின. தத்தம் வர்க்க நலனுக்குப் புறம்பாக நடுத்தர வர்க்கத்தார் இருவர் இவ்வாறு செயற்பட்டமை, அறநோக்கை வர்க்கத்தின் வெறும் நிழலாகக் கொள்வாருக்கு விடை கூற வேண்டிய வினாவாகும். எம்மவரும் இதற்கு விலக்கல்லர்.

இரக்கம் அடைக்கலத்தோடு நின்றுவிடும். சமத்துவமோ காணியைக் கேட்கும். காணியைக் கேட்ட கணமே அறம் அரசியலாகிறது. அரசு இதனை நன்கு உணர்ந்திருந்தது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின்போது வெளியேறினார். காந்தீயத்தில் உழைத்த இளைஞருட் சிலர் ஆயுத இயக்கங்களிற் சேர்ந்தனர். அகிம்சையும் ஆயுதமும் ஒரே அறவூற்றினின்று கிளைக்கக்கூடும் என்பதும், எவ்வழி செல்வது என்பதை ஒடுக்குமுறையின் தன்மை பெரிதும் நிர்ணயிக்கிறது என்பதும் இதனாற் பெறப்படும்.

முல்லைத்தீவு மாவட்டத்து டொலர், கென்ற் பண்ணைகளின் கதை மேலுமொன்றை உணர்த்துகிறது. 1984இல் அங்கிருந்த மலையகத் தமிழர் வெளியேற்றப்பட்டு, சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியமர்த்தப்பட்டனர். நவம்பர் 30ஆந் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் பெண்களும் குழந்தைகளும் உட்பட அக்குடியேறிகள் பலர் கொல்லப்பட்டனர். அரசு தன் நோக்கத்துக்குக் கருவியாக்கியோரும் ஏழைகளே. வெளியேற்றப்பட்டவருக்காக வெகுண்ட அறம், வேற்றினத்து ஏழையை மனிதராகக் கணக்கிடத் தவறியது. நிலத்தை இழந்தவருக்கு அதனால் நிலம் மீளவுமில்லை.

ஆகவே, அறநோக்கு அரசியலை நேரடியாகப் பிறப்பிப்பதில்லை. நில உறவுகளின் ஊடாகவே அது அரசியலாகிறது. அதேவேளை, அந்நோக்கு எவரை மனிதராகக் கணக்கிடுகிறது என்பதே அவ்வரசியலின் எல்லையை வகுக்கிறது. 2009இற் போர் முடிந்த பின்னரும் வன்னி வாழ் மலையகத் தமிழருட் பலர் உறுதியற்ற காணிகளிலேயே வாழ நேர்ந்தது. தமிழ் அரசியலின் அறத்தை அளக்க நாம் மேடைப் பேச்சுக்களைத் தேட வேண்டியதில்லை. காணி உறுதிகளைத் தேடினாற் போதும்.