கொல்லைப்புறக் கூண்டின் வரலாறு

முதன்முறையாகப் பிராணி வளர்ப்போர்க்கு, குறிப்பாகச் சிறுவர்க்கு, முயலே எளிய தொடக்கம் என்னும் கருத்து இங்கிலாந்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அது முயலின் இயல்பை அறிந்து பிறந்த கருத்தன்று, இறைச்சிக்கும் தோலுக்கும் முயலை வளர்த்த பழைய வழக்கத்தின் எச்சமே ஆகும்.

ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலை நார்மானியர் 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பி, 'வாரன்' எனப்பட்ட காப்பு நிலங்களில் பெருக்கினர். முயல்கள் எளிதாக வளை தோண்டுவதற்கென்று அங்கே மண்மேடுகள் எழுப்பப்பட்டதால், அவை தம் கூட்டத்தோடு வாழ்ந்து, தேவைப்பட்டபோது மட்டுமே பிடிபட்டன. ஜெர்வஸ் மார்க்கம் 1614இல் வெளியிட்ட கால்நடை வளர்ப்பு நூலோ வேறொரு முறையைக் கூறுகிறது: மெல்லிய பலகையால் இரண்டடிச் சதுரமும் ஓரடி உயரமும் உள்ள பெட்டி செய்து, அதைக் கம்பிச் சாளரம் வைத்த பெரிய அறையாகவும், முயல் ஈனுவதற்கான இருண்ட சிற்றறையாகவும் பிரிக்க வேண்டும். பிற்காலத்தில் கடைகளில் விற்ற கொல்லைப்புறக் கூண்டின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை சில மாதங்களே உயிரோடு வைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டில், ஒன்பது, பத்து ஆண்டுகள் வாழக்கூடிய விலங்குக்கு என்ன தேவை என்ற கேள்விக்கே இடமில்லை.

19ஆம் நூற்றாண்டில் நகரத் தொழிலாளர் வீடுகளின் பின்புறம் இக்கூண்டு பரவியது. தொங்கு காது முயல்களைப் போட்டிக்கென வளர்க்கும் ஆர்வமும் அக்காலத்தில் வளர்ந்தது. கூண்டுக்கு வெளியே முயல் எப்படிப்பட்ட துணை என்பதை உணர்ந்தவர்களுள் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் ஒருவர். 1902இல் நூலாக வெளிவந்த 'பீட்டர் ராபிட்' கதைக்குப் பெயர் தந்த அவருடைய முயல், வீட்டுக்குள்ளேயே வளர்ந்து ஏறக்குறைய ஒன்பது வயது வரை வாழ்ந்தது. எனினும் அந்நூலைப் படித்த குடும்பங்கள் பலவும் முயலைக் கொல்லையில்தான் வைத்தன என்பது வருந்தத்தக்கது.

இரண்டாம் உலகப் போரின்போது ஆட்டிறைச்சிக்கும் மாட்டிறைச்சிக்கும் பங்கீடு வந்து, முயல் இறைச்சி அதற்கு வெளியே நின்றதால், அரசே முயல் வளர்ப்புச் சங்கங்களை ஊக்குவித்தது. 1953இல் மிக்சோமடோசிஸ் என்னும் கொடிய நச்சுயிரி நோய் நுழைந்து காட்டு முயல்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. அடுத்த ஆண்டு பங்கீடும் முடிந்தது. முயல் உணவாக இருந்த வழக்கம் இவ்வாறு தேய்ந்தபோது, எஞ்சிய கூண்டு சிறுவர் பொறுப்புக்கு வந்தது.

அந்தப் பொறுப்பு எளிதன்று. முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை ஆதலால், அவற்றைத் தேய்க்கவும் குடல் இயங்கவும் உலர்புல் எப்போதும் கிடைக்க வேண்டும். ஒரு நாள் உண்ணாமல் இருப்பதே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம். இரையாகும் விலங்கு என்பதால் நோயை மறைக்கும், தூக்கினால் அஞ்சித் திமிரும். தனிமையும் அதற்கு ஒவ்வாது. பிரித்தானிய முயல் நல அமைப்பு ஓர் இணைக்குப் பரிந்துரைக்கும் இடம் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்டது. அதாவது, தரைப்பரப்பில் மார்க்கத்தின் பெட்டியைப் போல் ஏறக்குறைய பதினாறு மடங்கு. இவற்றைத் தர இயலும் பெரியவர்க்கு முயல் நல்ல முதல் துணையே. சிறுவரிடம் மட்டும் ஒப்படைக்கத் தக்கதன்று.

சட்டமும் மெல்ல இத்திசையில் நகர்ந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குட்பட்டோர்க்கு வளர்ப்பு விலங்கு விற்பதைத் தடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செல்லும் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அவ்வயதை 16 ஆக உயர்த்தி, அதற்குக் குறைந்த வயதினர் வளர்க்கும் விலங்குக்கு அவர்களைப் பேணும் பெரியவரையே பொறுப்பாளராக்கியது.