சென்னைத் துணியும் கலபாரிக் கத்தியும்

நைஜீரியாவின் இக்போ மக்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் உயர்ந்த துணியொன்றுக்கு ‘ஜார்ஜ்’ என்று பெயர். கடல் பல கடந்த அந்த மண்ணில் இப்பெயர் எவ்வாறு முளைத்தது? சென்னைக் கடற்கரையில் 1640 ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கம்பனி எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டையின் நினைவே அது என்று ஆய்வாளர் கருதுவர். அக்கோட்டையின் நிழலிலும் அதற்கு வடக்கேயும் தெற்கேயும் இருந்த ஊர்களிலும் தமிழ், தெலுங்கு நெசவாளர்கள் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு வணிகர் இட்ட பெயர் ‘மெட்ராஸ் கைக்குட்டை’. கைக்குட்டை என்பது பெயரளவுக்குத்தான். ஆபிரிக்காவில் அது தலைக்கட்டாகவும் இடைத்துணியாகவும் பிணத்தின் படுக்கை விரிப்பாகவும் வாழ்ந்தது.

இன்று மொனராகலைக் கடைத்தெருவில் பெரிய வட்டமும் பூவும் அடர்ந்த நிறமும் கொண்ட சட்டையைக் கண்டால் மாணவர்கள் ‘ஆபிரிக்கன் டிசைன்’ என்கிறார்கள். அந்த அச்சுத் துணியின் பிறப்பை ஆராய்ந்தால் அது ஜாவாவின் பத்திக் என்பது தெரியவரும். ஜாவா மக்கள் மெழுகு தீட்டிச் சாயமிட்ட துணியை ஒல்லாந்தர் இயந்திரத்தில் போலி செய்தனர். ஹெல்மொண்ட் நகரில் 1846 இல் தொடங்கிய ஆலை ஒன்று, இன்று விளிஸ்கோ என்ற பெயரில், ஆபிரிக்கச் சந்தைக்கென்றே இத்துணியைச் செய்துவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஆபிரிக்கப் பெண்கள் அதை விரும்பி ஏற்றனர். சித்திரங்களுக்குத் தாமே பெயரிட்டனர். இன்ன நாளுக்கு இன்ன துணி என்று வகுத்தனர். ஒல்லாந்தில் அச்சான துணி அந்தப் பெண்களின் நாவிலும் இடுப்பிலும்தான் ஆபிரிக்கத் துணி ஆயிற்று.

நம் துணி உலகை வென்றது என்று மார்தட்ட நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இந்தியாவின் அச்சிட்ட பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தலாகாது என்று ஆங்கிலப் பாராளுமன்றம் 1700 இலும் 1721 இலும் சட்டம் செய்தது. ஆனால் அதை இறக்கி, மறுபடியும் வெளிநாட்டுக்கு ஏற்றுவதற்குத் தடை இல்லை. ஏற்றிய கப்பல்கள் ஆபிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே துணியைக் கொடுத்து மனிதரை வாங்கின. புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த ‘கினே’ என்னும் நீலத் துணியோ செனகால் ஆற்றோரத்தில் நாணயமாகவே புழங்கி, கருவேலம் பிசினுக்கு விலையாயிற்று. தறியில் குனிந்திருந்த நெசவாளி இவற்றை அறிந்திருக்க மாட்டான். அவனுடைய உழைப்பு அவன் காணாத மனிதனின் சங்கிலிக்கு விலையாக எண்ணப்பட்டது. நம் பாடநூல்கள் கடல் வாணிபம் என்று இரண்டு வரியில் கடந்துபோகும் கதையின் உள்ளீடு இதுதான்.

அந்தக் கப்பல்களில் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அதே துணியைத் தம் மானத்தின் கொடியாக்கியதே வரலாற்றின் விந்தை. 1786 இல், ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூயிசியானாவின் ஆளுநர் எஸ்தபான் மீரோ, கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமயிரை அலங்கரிக்காமல் துணியால் கட்டி மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அவர்களைத் தாழ்ந்தவர்களென்று அடையாளப்படுத்துவதே நோக்கம். பெண்கள் ஆணைக்குப் பணிந்து கட்டினார்கள். ஆனால் கண்ணைப் பறிக்கும் துணிகளைத் தேடியெடுத்து, ஒருத்தி கட்டியதுபோல் மற்றவள் கட்டாமல், கொம்பும் மடிப்புமாக உயர்த்திக் கட்டினார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் மெட்ராஸ் தலைக்கட்டு இன்றும் விழாக்கோலம்.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தவர்கள் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள். அவர்கள் மெட்ராஸ் துணியை ‘இஞ்சிரி’ என்பர். வந்ததை வந்தபடி அவர்கள் உடுத்துவதில்லை. கலபாரிப் பெண் துணியை மடியில் விரித்து, கத்தியின் கூர்நுனியால் சில இழைகளை மட்டும் நெம்பி உயர்த்தி அறுப்பாள்; அறுத்ததை உருவி எறிவாள். எண்ணிக்கை தவறினால் துணி பாழ். நெசவாளி போட்ட கட்டங்களுக்குள்ளே, இழை நீங்கிய இடைவெளிகளால் புதியதொரு கோலம் தோன்றும். துணியும் வலைபோல மென்மையாகும். இதனை ‘பெலெட்டே பிட்டே’ என்பர். சேர்த்து அழகு செய்வதே உலக வழக்கம். இவர்கள் நீக்கி அழகு செய்தார்கள்! ஜோன் ஐக்கர், டோனியே எரெகோசிமா என்னும் இரு ஆய்வாளர்கள் 1981 இல் இக்கலையைப் பற்றி எழுதினர். அந்நியப் பொருளைத் தேர்ந்து, பெயரிட்டு, தம் சடங்குக்குள் வைத்து, கடைசியில் உருமாற்றித் தமதாக்கும் இந்த நிகழ்வை அவர்கள் பண்பாட்டு உரிமையாக்கம் என்ற கருத்தில் விளக்கினார்கள்.

ஆடை அரசியலாவதும் உண்டு. 1957 இல் கானாவின் விடுதலையை அறிவித்த நள்ளிரவில் குவாமே நிக்ருமா கோட்டு அணியவில்லை. வடபகுதிக் குடியானவரின் நெய்த மேலங்கியை அணிந்து நின்றார். சயீரின் மொபூட்டுவோ 1970களில் கோட்டையும் கழுத்துப்பட்டியையும் தடைசெய்து, தாம் விதித்த மேற்சட்டையையே தேசியத் தன்மை என்றார். முன்னது ஒரு மனிதனின் தேர்வு, பின்னது கட்டளை. லூயிசியானா ஆளுநருக்கும் மொபூட்டுவுக்கும் இவ்விடயத்தில் வேற்றுமை காண்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

கட்டளையாக வந்த துணியை ஊவாத் தோட்டங்களும் அறியும். அக்கரையிலிருந்து வந்த தொழிலாளிக்குத் தோட்டம் கொடுத்த கம்பளி இனாம் அல்ல, கடன். அதன் விலை கணக்கில் ஏறி, சம்பளத்தில் கழிந்தது. குளிருக்குப் போர்வையும் மழைக்குக் குடையும் அதுவே. கம்பளி கிழிந்தபோது சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டனர்; கொழுந்தெடுக்கும் பெண் இடுப்பில் படங்கு கட்டினாள். இவையெல்லாம் வேலையின் சீருடை. ஆனால் தலைத்துணியை அவள் எப்படி முடிந்தாள், எந்த நிறத்தைத் தேர்ந்தாள், காதிலும் மூக்கிலும் எதை அணிந்தாள் என்பவற்றைத் துரை தீர்மானிக்கவில்லை, கங்காணியும் தீர்மானிக்கவில்லை. பெரட்டுக்களத்தில் நூறு பேர் வரிசையில் நின்றாலும் தூரத்திலிருந்தே இன்னாள் என்று சொல்லிவிட முடிந்தது அதனால்தான்.

தோட்டத்தைப் பற்றிய பழைய புகைப்படங்கள் பலவற்றில் கூடையும் தேயிலையும் துலங்கும். பெண்ணுக்குப் பெயர் இராது. மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலும் பதுளையின் தேயிலை மலைகளிலும் லயத்துச் சுவர்களில் குடும்பப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. பாட்டிமார் சிலர் உயிரோடிருக்கிறார்கள். தலைத்துணியை எத்தனை விதமாகக் கட்டினார்கள், ஒவ்வொரு கட்டுக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதிவரும்படி பத்தாம் வகுப்பு மாணவியரிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை ஒன்பது பெயர்கள் வந்திருக்கின்றன.